நெஞ்சில் காற்று, கட்டிலடியில் பாட்டில்: நுரையீரல் சுருக்கம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர்ப் பக்கம் ஒரு அவசர சிகிச்சைப் பிரிவில் 18 வருஷமாக செவிலியராக இருக்கிறேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பைக்கோடு சறுக்கியவர், பண்ருட்டிப் பக்கம் பலா மரத்திலிருந்து விழுந்தவர், எதிலிருந்தும் விழாமல் வகுப்பில் உட்கார்ந்திருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்ட கல்லூரிப் பையன் என்று மூன்று பேர் ஒரே வாரத்தில் அடுத்தடுத்த கட்டிலில் படுத்திருந்ததுண்டு. மூன்று கட்டிலுக்கு அடியிலும் ஒரே மாதிரி பாட்டில். கூட இருக்கிறவர்கள் கேட்கும் கேள்விகளும் ஏறக்குறைய ஒன்றேதான்.

அதனால் எழுதி வைத்துவிட்டேன். முதல் பாதி நோயாளியின் வீட்டாருக்கு. போகப்போக நர்சிங் மாணவிகளும் ஹவுஸ் சர்ஜன்களும் ராத்திரி டூட்டியில் கேட்டவையும் கலந்து வரும். உங்கள் நோயாளிக்கு என்ன செய்வது என்று முடிவெடுப்பவர் அங்கே இருக்கும் டாக்டர். அவர் அவசரத்தில் சொல்லிவிட்டுப் போனதைப் புரிந்துகொள்ள இது உதவும்.

சிஸ்டர், நுரையீரல் சுருங்கிடுச்சுன்னு சொல்றாங்களே, அப்படின்னா கெட்டுப் போச்சா?

இல்லை. பெரும்பாலும் நுரையீரல் நன்றாகத்தான் இருக்கிறது, விரிய இடமில்லாமல் கிடக்கிறது. நுரையீரலின் மேல் ஒரு மெல்லிய சவ்வு, நெஞ்சுக்கூட்டின் உள்பக்கம் இன்னொரு சவ்வு. இரண்டுக்கும் நடுவே கொஞ்சம் ஈரம் மட்டும் இருக்கும். ஈரத்தோடு அடுக்கிய இரண்டு எவர்சில்வர் தட்டுகள் ஒட்டிக்கொண்டு பிரிய மறுக்குமே, அந்த மாதிரிதான் இவையும். நெஞ்சு விரியும்போது நுரையீரலும் கூடவே இழுபட்டு விரிகிறது.

அந்த இடுக்கில் காற்று புகுந்துவிட்டால் ஒட்டு விட்டுப்போகும். நுரையீரலுக்குத் தானாகச் சுருங்கும் குணம் உண்டு. ஒட்டு விட்டதும் உள்ளே ஒடுங்கிவிடுகிறது. கேஸ் ஷீட்டில் நியூமோதொராக்ஸ் என்று எழுதியிருப்பது இதைத்தான். காற்றை வெளியே எடுத்து, மறுபடி புகாமல் பார்த்துக்கொண்டால் நுரையீரல் பழையபடி விரியும். கீழே வருகிற எல்லாப் பதிலும் இந்த ஒரு வேலையைச் சுற்றித்தான்.

அடியே படல. பையன் சும்மா உட்கார்ந்து போன் பார்த்துட்டு இருந்தான். எப்படி வரும்?

வரும். உயரமாக, ஒல்லியாக இருக்கும் இளைஞர்களுக்குத்தான் இப்படி அதிகம் வருகிறது. நுரையீரலின் உச்சியில் சிலருக்குச் சின்னச் சின்னக் காற்றுக் கொப்புளங்கள் இருக்கும். அதில் ஒன்று கசிந்தால் போதும். ஓடும்போதோ பாரம் தூக்கும்போதோதான் நடக்கும் என்று நினைக்கிறோம், ஆனால் பலருக்கு ஓய்வாக இருக்கும்போதுதான் நடக்கிறது. அதனால் கிரிக்கெட் விளையாடப் போனதற்காகப் பையனைத் திட்ட வேண்டாம்.

சிகரெட், பீடி பிடிப்பவர்களுக்கு வாய்ப்பு பல மடங்கு அதிகம். அம்மா பக்கத்தில் நிற்கும்போது எந்தப் பையனும் இதை ஒத்துக்கொள்ள மாட்டான். அதனால் நாங்கள் அம்மாவைச் சீட்டு வாங்க அனுப்பிவிட்டுத்தான் கேட்போம்.

வயதானவர்களுக்கு வருவது வேறு கதை. காசநோய் வந்து தழும்பான நுரையீரல், வருஷக்கணக்கில் பீடி பிடித்து உப்பிப்போன நுரையீரல் இவையெல்லாம் உள்ளே ஏற்கெனவே பழுதானவை. அதே அளவு காற்று புகுந்தாலும் இளைஞர் நடந்து வருவார், இவர் நீலம் பாரித்து ஸ்ட்ரெச்சரில் வருவார்.

வாய்வுப் பிடிப்புன்னு நினைச்சு சோடா குடிச்சு, ஓமத் தண்ணி குடிச்சுப் பார்த்தோம். எப்படித்தான் கண்டுபிடிக்கிறது?

வாயு பிடித்திருப்பது உண்மைதான், ஆனால் சோடா போய்ச் சேராத இடத்தில்! பெரும்பாலும் திடீரென்று ஒரு பக்க நெஞ்சில் குத்தும், மூச்சை ஆழமாக இழுத்தால் அதிகமாகும், சிலருக்குத் தோள்பட்டைக்கும் ஏறும். மூச்சு வாங்கும். சில மணி நேரத்தில் வலி கொஞ்சம் மட்டுப்படலாம், அதை நம்பி வீட்டிலேயே இருந்துவிட்டு மூன்றாம் நாள் வருபவர்கள் உண்டு.

இது ஹார்ட்டா, நுரையீரலா, வாயுவா என்று வீட்டில் பிரித்துப் பார்க்க முடியாது. எங்களாலும் ஈசிஜி, எக்ஸ்ரே இல்லாமல் முடியாது. திடீர் நெஞ்சுவலியோடு மூச்சுத்திணறல் என்றால் கிளம்பிவிடுங்கள். அவ்வளவுதான்.

விலா எலும்புதானே உடைஞ்சிருக்கு? இறுக்கி ஒரு கட்டு போட்டு எண்ணெய் தேய்ச்சா ஆகாதா?

ஆகாது. நெஞ்சை இறுக்கிக் கட்டினால் மூச்சு மேலோட்டமாகிவிடும், சளி தேங்கும், நிமோனியாவில் போய் முடியும். எலும்பு தானே கூடிக்கொள்ளும், அதற்குள் ஆழமாக மூச்சு விடுமளவுக்கு வலியைக் குறைப்பதுதான் வைத்தியம்.

அதைவிட முக்கியமான விஷயம், உடைந்த எலும்பின் முனை நுரையீரலைக் கிழித்திருக்கலாம் என்பது. நெஞ்சிலோ கழுத்திலோ தோலைத் தொட்டால் பொரியை அழுத்துவது போல நொறுநொறுவென்று இருந்தால், காற்று தோலுக்கடியில் பரவுகிறது என்று அர்த்தம். மரத்திலிருந்து விழுந்தவருக்கு முதல் நாள் ஒன்றும் தெரியாமல் அடுத்த நாள் மூச்சு முட்டியதும் நடந்திருக்கிறது. அதன்மேல் எண்ணெய் தேய்த்து நீவிவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

ரோட்டுல அடிபட்டுக் கிடக்கார், நெஞ்சுல காயம். நாங்க என்ன செய்யணும், என்ன செய்யக் கூடாது?

108-ஐக் கூப்பிடுங்கள். அவருக்கு மூச்சு விட எந்த நிலை சுலபமோ அந்த நிலையிலேயே விடுங்கள். கழுத்து, முதுகில் அடி இருக்கலாம் என்று தோன்றினால் தூக்கி உட்கார வைக்க வேண்டாம். தண்ணீர், காபி எதுவும் வேண்டாம். கம்பியோ கத்தியோ குத்தி நின்றால் பிடுங்காதீர்கள், அது ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கலாம். பிடுங்குவது ஆபரேஷன் தியேட்டரில்.

மூச்சு இழுக்கும்போது காயத்துக்குள் காற்று உறிஞ்சும் சத்தம் கேட்டால் சுத்தமான பிளாஸ்டிக் உறையை அதன்மேல் வைத்து மூன்று பக்கம் மட்டும் ஒட்டுங்கள். நாலாவது பக்கம் திறந்திருக்க வேண்டும். மூச்சு இழுக்கும்போது உறை ஒட்டிக்கொண்டு காற்றை உள்ளே விடாது, விடும்போது உள்ளே மாட்டிய காற்று அந்தப் பக்கமாக வெளியேறும். மூடிய பிறகு திணறல் அதிகமானால் உடனே உறையைத் தூக்கிவிடுங்கள். துணியைத் திணித்து அடைக்காதீர்கள்.

ஜிப்மருக்குப் போகலாமா, இங்கேயே போகலாமா என்று நடுரோட்டில் ஒரு விவாதம் எப்போதும் நடக்கும். மூச்சு முட்டுகிறவருக்கு ஜிப்மர் இருக்கும் கோரிமேடு தூரம். நெஞ்சில் டியூப் போடத் தெரிந்த டாக்டர் இருக்கும் பக்கத்து ஆஸ்பத்திரிதான் முதலில், பெரிய இடத்துக்கு மாற்றுவது அப்புறம். செலவை நினைத்தும் தயங்க வேண்டாம்: தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்த சாலை விபத்துக்கு முதல் 48 மணி நேர சிகிச்சையை அரசு ஏற்கும் ‘நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது.

கேஸ் ஷீட்டுல ‘டென்ஷன்’னு எழுதியிருக்காங்க. அவர் டென்ஷன் ஆகிற ஆளே இல்லையே?

அது மன டென்ஷன் இல்லை, காற்றின் அழுத்தம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிப்பதென்றால் இதைப் படியுங்கள்.

முதல் பதிலில் சொன்ன இடுக்கில் காற்று புகுந்து நின்றுவிட்டால் அது சாதாரண சுருக்கம். நுரையீரலின் கிழிசல் ஒருவழிக் கதவு மாதிரி ஆகிவிட்டால் கதை மாறும். ஒவ்வொரு மூச்சுக்கும் காற்று உள்ளே போகும், வெளியே வராது. சைக்கிள் டியூபில் பம்ப் அடிப்பது போல அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். ஒரு பக்க நுரையீரல் நசுங்குவதோடு நிற்காது, இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தத்தையும் அந்த அழுத்தம் தடுத்துவிடும். ரத்தம் உள்ளே வராவிட்டால் இதயம் எதை வெளியே தள்ளும்? பிபி விழும், நாடி ஓடும், சில நிமிடங்களில் உயிர் போகலாம். ஒரு நுரையீரல் வேலை செய்யாமலும் மனிதர் தாக்குப்பிடிப்பார், இதயத்துக்கு ரத்தம் வராமல் தாக்குப்பிடிக்க மாட்டார்.

எக்ஸ்ரே கூட எடுக்காம நெஞ்சுல ஊசியைக் குத்திட்டாங்க! அது தப்பில்லையா?

இதைக் கோபமாகக் கேட்பார்கள், நியாயம்தான். ஆனால் மேலே சொன்ன டென்ஷன் நிலையில் எக்ஸ்ரேக்கு அனுப்புவதுதான் தப்பு. ஃபிலிம் வருவதற்குள் ஆள் இருக்க மாட்டார். கடும் மூச்சுத்திணறல், ஒரு பக்கம் மூச்சுச் சத்தமே இல்லை, அந்தப் பக்கம் தட்டினால் காலிக் குடம் போல ஒலிக்கிறது, பிபி விழுகிறது: இவ்வளவு இருந்தால் டாக்டர் கையோடு காற்றைத் திறந்துவிடுவார். பக்கத்திலேயே ஸ்கேன் மெஷின் இருந்தால் சில நொடியில் வைத்துப் பார்ப்பதுண்டு.

கழுத்து நரம்பு (ரத்தக்குழாயைத்தான் அப்படிச் சொல்கிறோம்) புடைக்கும், மூச்சுக்குழாய் எதிர்ப்பக்கம் தள்ளும் என்று புத்தகத்தில் இருக்கிறதே என்று மாணவிகள் கேட்பார்கள். மூச்சுக்குழாய் நகர்வது கடைசிக் கட்டத்தில். ரத்தம் நிறைய போயிருந்தால் கழுத்து நரம்பு புடைக்கவே புடைக்காது. அந்த இரண்டுக்காகக் காத்திருந்தால் பாடம் முடிவதற்குள் நோயாளி முடிந்துவிடுவார்.

ஊசி குத்துற இடம் எது சிஸ்டர்? நாங்க படிச்சது ரெண்டாவது விலா இடுக்கு, சீனியர் பக்கவாட்டுல குத்துறார்.

இரண்டு பேரும் சரி, படித்த வருஷம்தான் வேறு. நான் பயிற்சி பெற்ற காலத்தில் காறை எலும்பின் நடுவிலிருந்து நேர் கீழே, இரண்டாவது விலா இடுக்குதான் சொல்லித் தந்தார்கள். விபத்துக் காயங்களுக்கு உலகம் முழுக்கப் பின்பற்றப்படும் ஏடிஎல்எஸ் பயிற்சி, 2018-இல் வந்த 10-ஆம் பதிப்பில் பெரியவர்களுக்கு அதை மாற்றியது: நாலாவது அல்லது ஐந்தாவது விலா இடுக்கு, அக்குளின் நடுக்கோட்டுக்குச் சற்று முன்னால். பலருக்கு முன்நெஞ்சில் தசையும் கொழுப்பும் தடிமன், சின்ன ஊசி காற்று இருக்கும் இடம் வரை எட்டுவதில்லை என்பது காரணம். குழந்தைகளுக்கு இன்னும் இரண்டாவது இடுக்குதான்.

எந்த இடமானாலும் கீழ் விலாவின் மேல் விளிம்பை ஒட்டிக் குத்த வேண்டும். ஒவ்வொரு விலாவின் கீழ் விளிம்பிலும் ரத்தக்குழாயும் நரம்பும் ஓடுகின்றன. ஊசி நுழைந்ததும் ‘புஸ்’ என்ற சத்தம் வரும் என்று காத்திருக்க வேண்டாம், கேஷுவாலிட்டி இரைச்சலில் அது கேட்காது. பிபியைப் பாருங்கள், முகத்தைப் பாருங்கள். முன்னேற்றம் இல்லையென்றால் ஊசி எட்டவில்லை அல்லது மடங்கிவிட்டது. அப்போது அனுபவமுள்ள டாக்டர் டியூப் போடும் இடத்திலேயே சின்னதாகக் கீறி, விரலை விட்டுத் திறந்துவிடுவார். பார்க்கப் பயங்கரமாக இருக்கும், ஆனால் ஊசியைவிட நம்பகம்.

ஊசி குத்தி நல்லாயிட்டாரே, அப்புறம் எதுக்கு டியூப்? ரொம்ப வலிக்குமா?

ஊசி வாங்கித் தருவது கொஞ்ச நேரம்தான். கிழிசல் இன்னும் இருக்கிறது, காற்று இன்னும் கசிகிறது, மெல்லிய ஊசியோ எப்போது வேண்டுமானாலும் அடைத்துக்கொள்ளும். அதனால் அடுத்த வேலை டியூப், நாங்கள் ஐசிடி என்போம். கையைத் தலைக்கு மேலே தூக்கி வைத்து, அக்குளுக்குக் கீழே முன்தசைக்கும் பின்தசைக்கும் நடுவே உள்ள முக்கோணத்தில், ஐந்தாவது இடுக்கு மட்டத்துக்குக் கீழே இறங்காமல் போடுவார்கள். அதற்குக் கீழே போனால் கல்லீரல், மண்ணீரல் இருக்கிறது.

மரத்துப்போக ஊசி போட்டுத்தான் செய்வார்கள். இருந்தாலும் அழுத்தம் தெரியும், உள்ளே நுழையும் நொடியில் சுருக்கென்று இருக்கும். வலியே இருக்காது என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. விபத்தில் ரத்தமும் சேர்ந்திருக்கும் என்பதால் 28 முதல் 32 ஃப்ரெஞ்ச் (டியூபின் தடிமனைச் சொல்லும் அளவு) வரை தடிமனான டியூப். தானாக வந்த சுருக்கத்துக்கு 14 அல்லது அதற்கும் குறைவான மெல்லிய டியூபே பெரும்பாலும் போதும். பல நாள் சுருங்கிக் கிடந்த நுரையீரல் சட்டென்று விரிந்தால் அதில் நீர் கோத்துக்கொள்ளலாம். டியூப் போட்டதும் அடங்காத இருமல் வந்தால் உடனே சொல்லுங்கள்.

பாட்டில்ல எதுக்குத் தண்ணி? குமிழி வந்தா நல்லதா கெட்டதா?

பாட்டிலின் உள்குழாய் தண்ணீருக்குள் 2 சென்டிமீட்டர் முங்கியிருக்கும். இளநீரில் ஸ்ட்ரா போட்டு ஊதினால் குமிழியாக வெளியே போகும் அல்லவா? நெஞ்சுக் காற்றும் அப்படியே வெளியே போகிறது. திரும்பி வரப் பார்த்தால் தண்ணீர் மறிக்கிறது. தண்ணீரே கதவு. மூச்சு இழுக்கும்போது குழாயில் தண்ணீர் கொஞ்சம் மேலே ஏறும், விடும்போது இறங்கும். இந்த ஆட்டம் இருந்தால் டியூப் திறந்திருக்கிறது, வேலை செய்கிறது.

குமிழி வந்தால் காற்று இன்னும் வெளியேறுகிறது. முதல் நாள் அது நல்ல சேதி. ஐந்தாம் நாளும் அதே வேகத்தில் வந்தால் கிழிசல் மூடவில்லை என்று அர்த்தம், நெஞ்சு அறுவை டாக்டரைக் கேட்க வேண்டிய கட்டம்.

பாட்டில் எப்போதும் நெஞ்சு மட்டத்துக்குக் கீழே. கட்டில் மேல் தூக்கி வைத்தால் தண்ணீர் நெஞ்சுக்குள் ஓடும். நடக்கும்போது கையில் பிடித்துத் தொங்கவிட்டு நடக்கலாம், நடப்பது நல்லதும்கூட.

பாட்டில் கவிழ்ந்துடுச்சு! டியூப் கழண்டுடுச்சு! என்ன பண்றது?

கவிழ்ந்தால் நிமிர்த்தி வையுங்கள், சிஸ்டரைக் கூப்பிடுங்கள். பாட்டில் உடைந்துவிட்டால் டியூப் முனையைப் பக்கத்தில் இருக்கும் சுத்தமான தண்ணீரில் முக்கிப் பிடியுங்கள், புதுப் பாட்டில் வரும் வரை அதுவே பாட்டில். நெஞ்சிலிருந்தே டியூப் உருவிக்கொண்டு வந்துவிட்டால் சுத்தமான துணியால் ஓட்டையை மூடிக்கொண்டு கத்துங்கள், வார்டு முழுக்கக் கேட்கட்டும். வெளியே வந்த டியூபைத் திரும்பச் சொருகவே கூடாது.

இடம் மாத்தும்போது டியூபை கிளாம்ப் பண்ணிட்டாப் பாதுகாப்புதானே?

குமிழி வரும் டியூபைக் கிளாம்ப் செய்யாதீர்கள், அதாவது இடுக்கி போட்டு மூடாதீர்கள். இதை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், வேறொரு ஆஸ்பத்திரியில், ஒரு நோயாளியை எக்ஸ்ரேக்குக் கூட்டிப்போனேன். பாட்டில் கவிழக் கூடாதென்று யாரோ நல்லெண்ணத்தில் கிளாம்ப் போட்டு அனுப்பியிருந்தார்கள். லிஃப்ட் வரத் தாமதம். ஆளுக்கு வியர்க்க ஆரம்பித்தது, பேச முடியவில்லை. நான் ஆக்ஸிஜன் சிலிண்டரைத் திருப்பிப் பார்க்கிறேன், மாஸ்க்கை மாற்றிப் பார்க்கிறேன், கடைசியாகத்தான் டியூபைப் பார்த்தேன். கிளாம்ப்பை எடுத்ததும் பாட்டில் உலை மாதிரி கொதித்தது. ஒரு நிமிடத்தில் அவர் ‘அப்பாடா’ என்றார். எனக்குக் கை நடுக்கம் நிற்க அரை நாள் ஆனது.

கசிவு இருக்கும் நெஞ்சில் டியூபை மூடுவது, ‘டென்ஷன்’ பதிலில் சொன்ன நிலையை நாமே உண்டாக்குவது.

குமிழி நின்னுடுச்சு. அப்போ சரியாயிடுச்சுதானே?

இரண்டு வாய்ப்பு. கிழிசல் மூடியிருக்கலாம், இல்லையென்றால் டியூப் மடங்கி அல்லது ரத்தக்கட்டி அடைத்து நின்றிருக்கலாம். பாட்டில் பதிலில் சொன்ன தண்ணீர் ஆட்டத்தைப் பாருங்கள். குமிழி இல்லை, ஆட்டம் இருக்கிறது, ஆளும் தெளிவு: நல்லது. குமிழியும் இல்லை, ஆட்டமும் இல்லை, மூச்சு வாங்குகிறது: டியூபின் மேலேயே படுத்திருக்கிறாரா என்று முதலில் பாருங்கள், பாதி நேரம் அதுதான். நுரையீரல் முழுக்க விரிந்துவிட்டாலும் ஆட்டம் அடங்கும். எக்ஸ்ரேதான் தீர்ப்புச் சொல்லும்.

முழுக்க விரிந்து, ஒரு நாள் குமிழி இல்லாமல் இருந்தால் பொதுவாக எடுத்துவிடுவார்கள். எடுக்கும் நேரத்தில் மூச்சை அடக்கச் சொல்வார்கள், அந்த சில நொடி அடக்கினால் போதும்.

பாட்டில்ல ரத்தமா வருதே?

விபத்தில் காற்றோடு ரத்தமும் சேர்வது சாதாரணம். கணக்குத்தான் முக்கியம். டியூப் போட்டதும் ஒன்றரை லிட்டருக்கு மேல் வந்தாலோ, அப்புறம் மணிக்கு 200 மில்லிக்கு மேல் சில மணி நேரம் தொடர்ந்தாலோ நெஞ்சைத் திறக்கும் ஆபரேஷன் பற்றி யோசிப்பார்கள். அதனால்தான் பாட்டிலில் பேனாவால் கோடு போட்டு நேரம் எழுதுகிறோம். அந்தப் பாட்டிலை யாரும் கொட்டிவிடாதீர்கள்.

பக்கத்து பெட்டுக்கு டியூப் போட்டாங்க. எங்க பையனுக்கும் அதே நோய்தான், ஏன் சும்மா படுக்க வச்சிருக்காங்க? கவனிக்கலையா?

கவனிப்பதால்தான் சும்மா வைத்திருக்கிறார்கள். உள்ளே புகுந்த காற்றை உடம்பு தானே மெல்ல உறிஞ்சிக்கொள்ளும், நாளுக்கு அந்தப் பக்க நெஞ்சின் கொள்ளளவில் 2 சதவீதம் போல. ஆக்ஸிஜன் கொடுத்தால் வேகம் கூடும். மாட்டிய காற்றில் பெரும்பகுதி நைட்ரஜன், ரத்தத்தில் நைட்ரஜன் குறைந்தால் அது அங்கிருந்து ரத்தத்துக்கு இழுபடும்.

முன்பெல்லாம் எக்ஸ்ரேயில் அளவு பெரியதாகத் தெரிந்தாலே டியூப்தான். ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் 316 பேரிடம் செய்து 2020-இல் வெளியிட்ட ஆய்வு இந்தப் பழக்கத்தை அசைத்தது. தானாகச் சுருங்கிய, வேறு நுரையீரல் நோய் இல்லாத, நிலையாக இருக்கும் இளையவர்களில், அளவு பெரியதாக இருந்தும் காத்திருந்து பார்த்தவர்களில் ஏறத்தாழ 85 சதவீதம் பேருக்கு டியூப் தேவைப்படவே இல்லை. 2023-இல் வந்த பிரிட்டிஷ் நெறிமுறையும் எக்ஸ்ரே அளவைவிட நோயாளியின் திணறலைப் பார்த்து முடிவெடுக்கச் சொல்கிறது. இது அந்த வகைக்கு மட்டும். விபத்தில் வந்ததற்கும், பீடி பிடித்து உப்பிய நுரையீரல்காரருக்கும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காதீர்கள்.

ஸ்கேன்ல காத்து தெரியாதுன்னு படிச்சோம். பிறகு எப்படி அல்ட்ராசவுண்ட்ல பார்க்கிறாங்க?

காற்று தெரியாது, ஆனால் நுரையீரல் அசைவது தெரியும். ஒட்டியிருக்கும் இரண்டு சவ்வும் மூச்சுக்கு மூச்சு ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவது திரையில் மினுமினுப்பாகத் தெரியும். நடுவில் காற்று புகுந்தால் அந்த வழுக்கல் நின்றுவிடும். ஒரே கோட்டில் நடக்கும் அசைவை நேரத்தோடு வரைந்து காட்டும் எம் மோடில் நல்ல நுரையீரல் கடற்கரை மாதிரி இருக்கும், மேலே அலைக்கோடுகள், கீழே மணல். கடலூர்க் கடற்கரையில் இருக்கும் தேவனாம்பட்டினத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். காற்று புகுந்தால் மணல் காணாமல் போய் மேலிருந்து கீழ்வரை கடைசாமான் பார்கோடு போல வெறும் கோடுகளாகிவிடும்.

விபத்தில் படுக்க வைத்தே எடுக்கும் எக்ஸ்ரேயில் காற்று முன்பக்கம் பரவிக்கொள்வதால் பல நியூமோதொராக்ஸ் தவறிவிடும். அங்கே ஸ்கேன்தான் கூர்மை. ஆனால் வழுக்கல் இல்லையென்றாலே நியூமோதொராக்ஸ் என்று குதிக்காதீர்கள். மூச்சு கொடுக்க வாய் வழியே போட்ட குழாய் ஒரு பக்கம் ஆழமாக இறங்கிவிட்டாலும், பழைய நோயில் சவ்வு ஒட்டிப்போயிருந்தாலும் அப்படித்தான் இருக்கும். பீடிப் பெரியவர்களின் பெரிய காற்றுப்பை எக்ஸ்ரேயிலும் ஏமாற்றும். அதை நியூமோதொராக்ஸ் என்று நினைத்து டியூப் குத்தினால் நல்ல பைக்குள்ளேயே ஓட்டை போட்டதாகும். சந்தேகமாக இருந்து ஆளும் நிலையாக இருந்தால் சிடி எடுத்துப் பார்ப்பார்கள்.

சின்ன நியூமோதொராக்ஸ்தான், வென்டிலேட்டர்ல போட்டு ஜிப்மருக்கு அனுப்பணும். டியூப் போட்டுத்தான் அனுப்பணுமா?

நான் பார்த்த டாக்டர்களில் அனுபவசாலிகள் போட்டுத்தான் அனுப்புகிறார்கள், பாடமும் அதைத்தான் சொல்கிறது. நாமாக மூச்சு விடும்போது காற்று இழுபட்டு உள்ளே போகிறது. வென்டிலேட்டரோ, கையால் அமுக்கும் ஆம்பு பையோ காற்றைத் தள்ளுகிறது. தள்ளும் ஒவ்வொரு மூச்சும் கிழிசல் வழியே கசியலாம், சின்னது நிமிடங்களில் டென்ஷனாக மாறலாம். அது ஆம்புலன்ஸில், ஜிப்மர் போகும் வழியில் கன்னியகோயில் தாண்டிய நெரிசலில் நடந்தால் யார் டியூப் போடுவது?

ஏற்கெனவே வென்டிலேட்டரில் இருப்பவருக்குத் திடீரென்று ஆக்ஸிஜன் இறங்கினால் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ‘டோப்’ (DOPE) என்று நினைவு வைத்துக்கொள்ளச் சொல்வார்கள்: குழாய் நகர்ந்ததா, அடைத்ததா, நியூமோதொராக்ஸா, மெஷின் கோளாறா. என் லிஃப்ட் அனுபவத்தில் நான் கடைசியிலிருந்து ஆரம்பித்தேன்.

பொண்ணுக்கு மாசா மாசம் பீரியட்ஸ் நேரத்துல வலது பக்கம் வருது. சம்பந்தம் இருக்குமா?

இருக்கலாம், அம்மா. அரிதுதான், ஆனால் மாதவிடாய் தொடங்கும் மூன்று நாள் சுற்றுவட்டத்தில், பெரும்பாலும் வலது பக்கம் வரும் ஒரு வகை உண்டு. கருப்பையின் உள்சவ்வு மாதிரியான திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸோடு தொடர்புடையது. தேதிகளைக் குறித்து வைத்துச் சொல்லுங்கள். டாக்டர் கேட்கவில்லையென்றாலும் நீங்களாகச் சொல்லுங்கள்.

மறுபடி வருமா? மாப்பிள்ளை சிங்கப்பூர் போகணும், தம்பி பாண்டிச்சேரியில ஸ்கூபா போறான்.

தானாக வந்த வகை, ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத் திரும்ப வருகிறது. புகையை விட்டால் வாய்ப்பு குறையும். இரண்டாம் முறை வந்தால் சின்னத் துளை வழியாகக் கொப்புளத்தை அகற்றி, சவ்வுகளை ஒட்டவைக்கும் ஆபரேஷன் பற்றிப் பேசுவார்கள்.

விமானம் மேலே ஏறும்போது உள்ளே மாட்டிய காற்று விரியும். அதனால் எக்ஸ்ரேயில் முழுக்கச் சரியானது தெரிந்த பிறகும் குறைந்தது ஒரு வாரம், விபத்தில் வந்ததென்றால் இரண்டு வாரம் பொறுக்கச் சொல்வார்கள். டிக்கெட்டைத் தள்ளிப் போடுங்கள். ஸ்கூபா வேறு விஷயம். நீருக்கடியில் உள்ளே சேர்ந்த காற்று மேலே வரும்போது விரியும், அங்கே ஊசி குத்த யாரும் இல்லை. தானாக ஒருமுறை வந்தவர், இரண்டு பக்கமும் ஆபரேஷன் செய்து நிபுணர் அனுமதித்தால் ஒழிய, ஸ்கூபாவை மறந்துவிட வேண்டும். கடற்கரையில் உட்கார்ந்து அலை பார்க்கத் தடையில்லை.

டிஸ்சார்ஜ் ஆகுது சிஸ்டர். பாட்டில் நல்ல கெட்டியா இருக்கு, கழுவி வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலாமா?

நிஜமாகவே கேட்டார்கள், ஒருமுறை இல்லை, மூன்று முறை. கூடாது. அது மருத்துவக் கழிவு, தனிப் பையில் கட்டிப் போய்விடும். மாவு கரைத்து வைக்க வேறு பாத்திரம் வாங்கிக்கொள்ளுங்கள்.